சர்வதேச வளர்ச்சிப் படிப்பின் முதலாண்டு: குடியாத்தம் மாணவிக்கு ஒரு பதில்

குடியாத்தத்தைச் சேர்ந்த ஒரு மாணவி கேட்டிருக்கும் கேள்வி இது. பிளஸ் டூ முடித்துவிட்டார். சர்வதேச வளர்ச்சி என்ற பாடத்தில் இளநிலைப் பட்டத்துக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. முதலாண்டில் என்னதான் சொல்லித் தருவார்கள், ஏழை நாடுகளுக்கு உதவுவது எப்படி என்று கற்றுத் தரும் படிப்பா அது, வேலூர் மாவட்டத்தைத் தாண்டி அதிகம் போகாத தன்னால் அங்கே ஈடுகொடுக்க முடியுமா என்று கேட்கிறார். அப்பா கேட்டால் என்ன சொல்வதென்றும் தெரியவில்லையாம்.

அப்பாவுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சில நாடுகளும் சில மனிதர்களும் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள், அதை மாற்ற யார் யார் என்னென்ன செய்தார்கள், அவற்றில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று ஆராயும் படிப்பு. பொருளாதாரம், வரலாறு, அரசியல், சமூகவியல் நான்கும் அதில் கலந்திருக்கும். இவ்வளவு சொன்னால் அவருக்குப் போதும்.

உங்களுக்கு இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் ஆரணி பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவன். வெளிநாட்டில் இதே பாடத்தின் முதலாண்டு மாணவர்களுக்கு ஏழு ஆண்டுகள் வகுப்பு எடுத்துவிட்டு, இப்போது காட்பாடியில் இருக்கிறேன். உதவுவது எப்படி என்று முதலாண்டில் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். உதவ வேண்டும் என்ற துடிப்போடு வரும் பிள்ளைகளை உட்காரவைத்து, ‘பொறு, முதலில் பார்’ என்று ஓராண்டு முழுக்கச் சொல்வார்கள். சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். அந்த ஓராண்டுப் பொறுமைதான் இந்தப் படிப்பின் மிகப் பெரிய கொடை என்று நான் நம்புகிறேன்.

ஏறக்குறைய எல்லா இடங்களிலும் முதல் வாரம் ஒரே கேள்வியோடுதான் தொடங்கும்: வளர்ச்சி என்றால் என்ன? தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நம் மொழியில் ‘வளர்’ என்ற வினைக்கு இரண்டு முகங்கள். பயிர் வளர்கிறது, நாம் பயிரை வளர்க்கிறோம். பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். ‘வளர்ச்சி’ என்றதும் தானாக நிகழும் ஒன்று போலத் தோன்றுகிறது. ஆனால் கே.வி. குப்பத்தில் வட்டார வளர்ச்சி அலுவலகம் என்று பலகை மாட்டியிருக்கும் கட்டடத்துக்குள் போனால், அங்கே வளர்ப்பதற்கென்றே அதிகாரி ஒருவர் நாற்காலியில் இருக்கிறார். ஒரு சமூகம் தன் போக்கில் மாறுவதும், அரசோ வங்கியோ தொண்டு நிறுவனமோ திட்டமிட்டு அதை மாற்ற முயல்வதும் வெவ்வேறு. இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறிதான் முதலாண்டின் முதுகெலும்பு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை விளக்க ஆசிரியர்கள் ஒரு வகுப்பு முழுவதும் பாடுபடுவார்கள். உங்களுக்கு அது தாய்மொழி இலக்கணத்திலேயே இருக்கிறது.

அடுத்து வரலாறு வரும். 1944-இல் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் உருவான கதை. பிறகு 1949 ஜனவரி 20-ஆம் தேதி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஆற்றிய பதவியேற்பு உரை. உலக மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் துயரத்தை ஒட்டிய நிலையில் வாழ்கிறார்கள் என்று சொல்லி, ‘வளர்ச்சி குன்றிய பகுதிகளுக்கு’ அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் கொண்டுசெல்ல வேண்டும் என்றார் அவர். இந்தத் துறையின் பிறந்த நாள் அது என்று பல ஆசிரியர்கள் சொல்வார்கள். அந்த உரையைப் படிக்கும்போது, அன்று காலை நம் ஊர்களில் எழுந்த மக்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தங்களை உழவர், நெசவாளி, தோல் பதனிடுபவர் என்றுதான் அறிந்திருந்தார்கள். வளர்ச்சி குன்றியவர் என்ற பெயரை வேறொருவர் சூட்டினார். அந்தப் பெயர் சூட்டலே ஓர் அதிகாரம் என்று வாதிடுபவர்களையும் படிப்பீர்கள். கொலம்பியாவைச் சேர்ந்த அர்துரோ எஸ்கோபார் அவர்களில் முக்கியமானவர்.

ஆனால் 1949-இல் தொடங்கினால் கதையில் பாதி விட்டுப்போகும். நல்ல ஆசிரியர் காலனி ஆட்சிக்குப் பின்னோக்கி அழைத்துப் போவார். அங்கே நம் மண் வருகிறது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்த பாரமகால் பகுதியில், இன்றைய திருப்பத்தூரும் அடங்கிய அந்த நிலத்தில்தான், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் ஒவ்வொரு உழவரின் நிலத்தையும் அளந்து நேரடியாக வரி விதிக்கும் முறையைச் சோதித்தார்கள். அதுவே பிற்பாடு ரயத்துவாரி என்ற பெயரில் சென்னை மாகாணத்தின் பெரும் பகுதியில் பரவியது. 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சம், இன்றைய வேலூரும் அடங்கிய அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தையும் தாக்கியது. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று அன்றைய அரசின் தூதராக வந்த ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். வட ஆற்காட்டிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் கப்பல் ஏறின. பஞ்சம் என்பது உணவே இல்லாமல் போவதால் மட்டும் வருவதில்லை, உணவைப் பெறும் வழி சிலருக்கு அடைபட்டுப் போவதால் வருகிறது என்று அமர்த்தியா சென் 1981-இல் எழுதியதை முதலாண்டில் கட்டாயம் படிப்பீர்கள். அவர் முக்கியமாக எடுத்துக்கொண்டது 1943-இன் வங்கப் பஞ்சத்தை. அதைப் படித்துவிட்டு டெம்பிளின் ஒரு பவுண்டுக்குத் திரும்பி வாருங்கள். வேறு மாதிரித் தெரியும்.

கோட்பாடுகள் வரும்போது பெயர்கள் மழையாகக் கொட்டும். பயப்பட வேண்டாம். இரண்டு பெரிய கட்சிகளைப் புரிந்துகொண்டால் மற்றவை பிடிபடும். ஒன்று, எல்லா நாடுகளும் ஒரே படிக்கட்டில்தான் ஏறுகின்றன, சிலர் முன்னால், சிலர் பின்னால் என்று சொல்லும் கட்சி. 1960-இல் ரோஸ்டோ என்ற அமெரிக்கர் ஐந்து கட்டங்களை வகுத்தார். நடுவில் இருப்பது, விமானம் ஓடுபாதையை விட்டு மேலெழுவது போன்ற கட்டம். மற்றொன்று, முன்னால் இருப்பவர் ஏறியதால்தான் பின்னால் இருப்பவர் சறுக்கினார் என்று சொல்லும் கட்சி. அர்ஜென்டினாவின் ரவுல் பிரெபிஷும் ஹான்ஸ் சிங்கரும் 1950-ஐ ஒட்டி ஒரு வாதத்தை வைத்தார்கள்: மூலப்பொருளை விற்று இயந்திரப் பொருளை வாங்கும் நாட்டுக்கு, காலம் போகப் போக அதே அளவு இயந்திரத்துக்கு மேலும் மேலும் மூலப்பொருள் கொடுக்க வேண்டியிருக்கும். இதை இன்னும் காரமாகச் சொன்னவர் ஆந்த்ரே குந்தர் ஃபிராங்க்.

இந்தச் சண்டையை ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் வைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் சந்தைக்குப் போனது பாதி பதனிட்ட தோல்தான். அதை முழுமையாக்கிச் செருப்பாக, பையாக மாற்றும் வேலையும் லாபமும் அங்கே. விடுதலைக்குப் பிறகும் வெகுநாள் அதே நிலைதான். சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 1970-களில் இந்திய அரசு கச்சாத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, பாதி பதனிட்டதற்கும் வரம்பு கட்டியது. அதன்பிறகுதான் முழுத் தோலும், பின்னர் ஷூவும் இங்கிருந்தே போகத் தொடங்கின. பிரெபிஷ் சொன்ன நோய்க்கு நம் பாலாற்றங்கரையில் ஒரு மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அது எவ்வளவு தூரம் பலித்தது என்று கேட்டால், இன்றும் ஆம்பூர் ஷூவின் மீது இருக்கும் முத்திரை பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனத்தினுடையது. விலையை நிர்ணயிப்பவர் வாங்குபவர். இதைத்தான் உலகளாவிய மதிப்புச் சங்கிலி என்ற தலைப்பில் படிப்பீர்கள்.

அதே ஆம்பூரில் விடியற்காலையில் நின்று பாருங்கள். சுற்று வட்டார ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஷூ கம்பெனி வண்டிகள் வரும். செயிண்ட் லூசியா தீவில் பிறந்த ஆர்தர் லூயிஸ் 1954-இல் ஒரு கட்டுரை எழுதினார். வேளாண்மையில் வேலைக்கு மேல் ஆட்கள் தேங்கியிருக்கும் வரை, ஆலைக்காரர் கூலியைப் பெரிதாக ஏற்றாமலே ஆள் எடுத்துக்கொண்டே போகலாம் என்பது அதன் சாரம். 1979-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். வகுப்பில் வளைகோடு வரைந்து காட்டுவார்கள். எனக்கு அந்த வளைகோட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வண்டிகளின் ஜன்னலோரத்தில் தூங்கிக்கொண்டே போகும் முகங்கள்தான் தெரிந்தன.

அளவிடுவது பற்றிய பகுதியை ஒருபோதும் அவசரமாகக் கடந்துபோகாதீர்கள். கணக்கு என்றதும் பல மாணவர்கள் அங்கே கவனத்தை விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் முதலாண்டின் உயிர்நிலை அதுதான்.

இருபத்திரண்டு வயதில் ஒரு கணக்கெடுப்புக்காகப் பேர்ணாம்பட்டு பக்கம் வீடு வீடாகப் போனேன். ஒரு திண்ணையில் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். ‘என்ன வேலைம்மா செய்கிறீர்கள்?’ என்று கேட்டேன். ‘வேலையா? வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்’ என்றார். படிவத்தில் ‘வேலை இல்லை’ என்று எழுதினேன். எழுதி நிமிரும்போதுதான் கவனித்தேன், நான் பேசிக்கொண்டிருந்த அத்தனை நேரமும் அவர் மடியில் முறம் இருந்தது, விரல்கள் நிற்கவே இல்லை, பீடி சுற்றிக்கொண்டே இருந்தார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வேலை அது. அவருக்கும் அது வேலையாகத் தெரியவில்லை; கணக்கெடுக்க வந்த எனக்கும் தெரியவில்லை. அந்த வரியை அடித்துத் திருத்தினேன். ஆனால் அதற்கு முன் போன வீடுகளில் எத்தனை முறம் என் கண்ணில் படாமல் போயிற்றோ என்ற கவலை இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. 1970-இல் டென்மார்க்கைச் சேர்ந்த எஸ்தர் போஸரப், வளர்ச்சித் திட்டங்களின் கணக்கில் பெண்களின் உழைப்பு எப்படிக் காணாமல் போகிறது என்று எழுதியதை வகுப்பில் வைப்பார்கள். நீங்கள் குடியாத்தத்துக்காரர். அந்த முறத்தை என்னைவிட நன்றாக அறிந்திருப்பீர்கள்.

நாட்டு வருமானக் கணக்கை உருவாக்கியவர்களில் முதன்மையான சைமன் குஸ்நெட்ஸே, அந்தக் கணக்கை வைத்து மக்களின் நலத்தை முடிவு செய்யாதீர்கள் என்று 1934-இலேயே எச்சரித்தார். 1969-இல் டட்லி சியர்ஸ் மூன்று கேள்விகளை வைத்தார்: வறுமை என்ன ஆயிற்று, வேலையின்மை என்ன ஆயிற்று, ஏற்றத்தாழ்வு என்ன ஆயிற்று? மூன்றும் மோசமானால், தலா வருமானம் இரட்டிப்பானாலும் அதை வளர்ச்சி என்று சொல்ல முடியாது என்றார். 1990-இல் பாகிஸ்தான் பொருளியலாளர் மஹபூப் உல் ஹக் முன்னின்று மனித வளர்ச்சிக் குறியீட்டை ஐ.நா. வழியாகக் கொண்டுவந்தார். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்குவது அது. இப்போது மூன்றையும் கூட்டி வகுப்பதில்லை; பெருக்கிக் கனமூலம் காண்கிறார்கள். ஏன் தெரியுமா? கூட்டினால் ஒன்றில் இருக்கும் பள்ளத்தை இன்னொன்றின் மேடு மறைத்துவிடும். பெருக்கினால் அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது. இவ்வளவுதான் நீங்கள் பயப்படும் கணக்கு.

வறுமைக் கோடும் வரும். 1990-இல் ஒரு நாளைக்கு ஒரு டாலர் என்று தொடங்கிய உலக வங்கிக் கோடு, 2025 ஜூனில் மூன்று டாலராக உயர்ந்தது. இது வங்கியில் மாற்றும் டாலர் அன்று. நம் ஊர்க் கடையில் அதே பொருளை வாங்க எவ்வளவு ரூபாய் தேவையோ அந்தக் கணக்கு. சந்தை மதிப்பில் ஒரு டாலருக்கு எண்பது ரூபாய்க்கு மேல் என்றால், இந்தக் கணக்கில் ஏறக்குறைய அதில் கால் பங்கு. ஆக, மூன்று டாலர் என்பது சுமார் அறுபது ரூபாய் சொச்சம். அறுபது ரூபாயில் ஒருவர் வேலூரில் ஒரு நாளை எப்படி ஓட்டுவார் என்று நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகு பல்பரிமாண வறுமைக் குறியீட்டைப் படித்தால் அதன் அவசியம் புரியும். பணத்தைக் கேட்காமல், சமைப்பது விறகிலா, கழிப்பறை உண்டா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று பத்துக் கேள்விகள் கேட்பது அது. எடையிட்டுப் பார்க்கையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறை இருந்தால் அந்தக் குடும்பம் ஏழை.

இனி நான் சொல்ல மிகவும் ஆசைப்பட்ட பகுதிக்கு வருகிறேன். வேலூரைத் தாண்டாத தன்னால் முடியுமா என்று கேட்டீர்கள். இந்தத் துறையே வட ஆற்காட்டுக்கு வந்துதான் பாதிப் பாடம் படித்தது.

1916-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி ஊர்க் கணக்கு எடுக்கவைத்தார். அவற்றில் ஒன்று வட ஆற்காட்டின் தூசி. இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. அதே ஊர்களுக்குப் பிந்தைய தலைமுறை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். ஒரு நூற்றாண்டில் ஓர் இந்தியக் கிராமம் எப்படி மாறுகிறது என்று சொல்லக்கூடிய சான்றுகள் உலகில் மிகக் குறைவு.

பிறகு 1973-74. பசுமைப் புரட்சியைப் பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்த நேரம். கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பி.எச். ஃபார்மர் தலைமையில் வட ஆற்காட்டு ஊர்களிலும் இலங்கையின் நெல் பகுதிகளிலும் தங்கினார்கள். புதிய நெல் ரகம் யாரிடம் போய்ச் சேர்ந்தது, தண்ணீர் யாரிடம் இருக்கிறது, கடன் யாருக்குக் கிடைக்கிறது என்று ஊர் ஊராகக் கேட்டார்கள். 1977-இல் வெளிவந்த அந்த நூலின் தலைப்பு ‘பசுமைப் புரட்சி?’ என்று ஒரு கேள்விக்குறியோடு இருந்தது. சொல்லப்பட்ட அளவுக்குப் புரட்சி எதுவும் ஊரில் நடக்கவில்லை என்பது அவர்கள் கண்டது. பத்து ஆண்டு கழித்து, 1980-களின் தொடக்கத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வாஷிங்டனின் உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் அதே பகுதிக்குத் திரும்பின. பீட்டர் ஹேஸலும் சி. ராமசாமியும் 1991-இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது: சிறு விவசாயிகளும் புதிய ரகங்களுக்கு மாறிவிட்டிருந்தார்கள், கூலிக்காரர்களுக்கும் பலன் போய்ச் சேர்ந்திருந்தது.

இரண்டில் எது சரி? முதலாண்டு மாணவர்கள் உடனே ஒரு பக்கம் சாய்வார்கள். நான் வகுப்பில் இந்த இரண்டையும் கொடுத்துவிட்டு, என் தாத்தாவின் கிணற்றைப் பற்றிச் சொல்வேன். கவலை ஓட்டி மாடு கட்டி இறைத்த காலத்தில் நாற்பது அடி. ஆயில் எஞ்சின் வந்தபின் வெட்டி இறக்கினார்கள். கரண்டு மோட்டார் வந்தபின் கிணற்றுக்குள்ளேயே துளை போட்டார்கள். இன்று அந்தக் கிணறு வற்றிக் குப்பைக் குழியாகிவிட்டது; பக்கத்தில் போர் என்கிற ஆழ்துளைக் கிணறு ஓடுகிறது. 1973-இல் வந்து பார்த்தவருக்கு மோட்டார் வைக்கப் பணமில்லாத என் தாத்தா தெரிந்திருப்பார். 1983-இல் வந்தவருக்கு மோட்டார் வைத்து இரண்டு போகம் எடுத்த தாத்தா தெரிந்திருப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. 2003-இல் ஒருவர் வந்திருந்தால் நிலத்தடியில் நீர் எங்கே என்று கேட்டிருப்பார். எந்த ஆண்டில் நின்று பார்க்கிறோம் என்பதும் கண்டுபிடிப்பின் ஒரு பகுதி. இதைப் புரிந்துகொள்ள எனக்கே பல ஆண்டுகள் ஆயின.

அந்த 1973 குழுவில் ராபர்ட் சேம்பர்ஸ் என்பவர் இருந்தார். அவர் பெயர் உங்கள் முதலாண்டில் நிச்சயம் வரும். வெளியிலிருந்து வருபவர்கள் கிராம வறுமையை ஏன் பார்க்கத் தவறுகிறார்கள் என்று 1983-இல் எழுதினார். தார்ச் சாலை ஓரத்து ஊர்களையே பார்க்கிறார்கள். மழைக்காலத்தில் சேற்றுக்குப் பயந்து வருவதில்லை, பசியும் காய்ச்சலும் கூடும் காலம் அதுதான். ஊர்ப் பெரியவர்களிடமும் ஆண்களிடமுமே பேசுகிறார்கள். ஏற்கெனவே திட்டம் நடக்கும் இடத்துக்கே அழைத்துச் செல்லப்படுகிறார்கள். நம்மூர்க்காரர்களுக்கு இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சி மனத்தில் ஓடும். ஜீப் மெயின் ரோட்டிலிருந்து திரும்பும், ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலில் நிற்கும், டீயும் பிஸ்கட்டும் வரும். ஊருக்கு அப்பால் இருக்கும் காலனிக்குப் போக நேரம் இருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தர வேண்டும். வெளிநாட்டுப் பாடநூல்களில் வர்க்கம், இனம், பாலினம் மூன்றும் விரிவாக இருக்கும். சாதிக்குச் சில நேரம் ஒரே ஒரு பத்திதான். ஊர் ஓரிடத்திலும் சேரி ஓரிடத்திலும் இருக்கும் நிலத்தில் தெரு விளக்கும் குடிநீர்க் குழாயும் எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று அந்தப் பத்தி சொல்லாது. வகுப்பில் நீங்கள்தான் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். முதலில் தயக்கமாக இருக்கும், சொல்லுங்கள். இன்னொரு பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்: பார்பரா ஹாரிஸ்-ஒயிட். 1973 முதல் நாற்பது ஆண்டுகள் திரும்பத் திரும்ப ஆரணிக்கு வந்து, அரிசி மண்டி, பட்டு, நகை அடகு என்று அந்தச் சிறு நகரத்தின் தொழில்களைக் கணக்கெடுத்தவர். சிறு நகரச் சந்தையைச் சாதியும் குடும்பமும் எப்படிக் கட்டி வைத்திருக்கின்றன என்று அவர் எழுதியதைப் படித்தால், கடைத்தெருவில் நடக்கும்போதெல்லாம் உங்கள் கண் வேறு மாதிரிப் பார்க்கும்.

நீடித்த வளர்ச்சி என்ற தலைப்பில் 1987-இன் ப்ரண்ட்லண்ட் அறிக்கை, 1992-இன் ரியோ மாநாடு, 2015-இல் ஐ.நா. ஏற்ற 17 இலக்குகள் எல்லாம் வரும். இலக்குகளை மனப்பாடம் செய்வதில் பெரிய பயன் இல்லை. பாலாற்றை நினைத்துக்கொண்டு படியுங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவால் வட ஆற்காட்டில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானது என்ற வேளாண் ஆய்வு உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது, வேலை தருகிறது என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அறிவித்தது. ரியோவில் உலக நாடுகள் தாளில் எழுதிய வரிகள் இந்தியச் சட்டமானது நம் ஆற்றின் பெயரால்தான். சட்டம் படிக்கும் பிள்ளைகள் நாடு முழுவதும் ‘வேலூர் வழக்கு’ என்று அதைப் படிக்கிறார்கள். இந்த மணலையும் இந்தக் கிணற்று நீரின் நிறத்தையும் பார்த்தவர் அந்தத் தீர்ப்பைப் படிப்பது வேறு. நிலத்தை இழந்தவரும், அதே தொழிற்சாலையில் கூலிக்குப் போனவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். வளர்ச்சி யாருக்கு என்ற கேள்வி அந்த வீட்டின் கூடத்துக்குள்ளேயே நின்றது.

உடல்நலப் பாடத்தில் 1978-இன் அல்மா ஆட்டா பிரகடனம் வரும். ஆரம்பச் சுகாதாரம் மக்களிடமே போக வேண்டும் என்று சொன்னது. அதற்கு ஓராண்டு முன்பே, 1977-இல், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை கே.வி. குப்பம் ஒன்றியத்தில் ‘ரூசா’ என்ற ஊரக நலப் பிரிவைத் தொடங்கி, மருத்துவத்தோடு வேலை, கல்வி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தது. உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான்.

மகளிர் குழுக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் தரும் வங்கதேசத்தின் கிராமீன் வங்கி வகுப்பில் வரும். 2006-இல் அதற்கும் அதைத் தொடங்கிய முகமது யூனுஸுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அன்று நம் பக்கத்து மாவட்டமாக இருந்த தர்மபுரியில் 1989-இல் ஐ.நா.வின் வேளாண் நிதியத்தின் துணையோடு தொடங்கிய குழுக்கள்தான் தமிழ்நாடு முழுவதும் பரவின. சிறுகடன் வறுமையைப் போக்குமா என்று ஹைதராபாத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலிய பொருளியலாளர்கள் சோதனை நடத்தினார்கள். கடன் கிடைத்த பகுதியையும் கிடைக்காத பகுதியையும் ஒப்பிட்டார்கள். வாழ்க்கையைப் புரட்டிப்போடும் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அந்தக் கட்டுரையின் தலைப்பிலும் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. 1977-இன் நூலையும் இதையும் அடுத்தடுத்துப் படியுங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். இடையில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள். கேள்விக்குறி மட்டும் மாறவில்லை. ஆனால் என் கருத்து ஒன்று: சராசரியில் தெரியாத மாற்றம் தனி வாழ்வில் இருக்கலாம். வங்கிக்குள் முதல் முறையாகத் தனியாகப் போன பெண்ணின் நிமிர்வை எந்தச் சோதனைப் படிவமும் முழுதாகப் பிடிக்காது. அதே நேரம், வார வசூலுக்கு ஆள் வரும் நாளில் கதவைச் சாத்திக்கொள்ளும் வீடுகளும் இருக்கின்றன. இரண்டையும் எழுதத் தெரிய வேண்டும்.

படிக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம். தேர்வைவிடக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் அதிகம் இருக்கும். ஒரு கட்டுரைக்கு ஐந்தாறு நூல்களில் சில அத்தியாயங்கள் படிக்க வேண்டிவரும். ஆங்கிலத்தில் முதல் மூன்று மாதம் மூச்சு முட்டும். ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு மூடிவைத்து, அதன் வாதத்தைத் தமிழில் இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள், திரும்பப் படியுங்கள். கணக்கில் விழுக்காடு, சராசரி, இடைநிலை, ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி எண் ஆகியவை தெரிந்தால் முதலாண்டு ஓடிவிடும். கோடையில் வெளிநாட்டு மாணவர்களோடு எங்கோ ஒரு கிராமத்துக்குப் போய்ச் சுவருக்கு வண்ணம் பூசி, குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் பயணங்களுக்கு அழைப்பு வரும். போகாதீர்கள் என்றே சொல்வேன். அந்தக் காசில் ஊருக்கு வந்து பத்து நாள் ஓர் ஊரில் உட்கார்ந்து கேளுங்கள்.

வேலை கிடைக்குமா என்று அப்பா கட்டாயம் கேட்பார். இந்தப் பட்டம் மட்டும் நேராக ஒரு நாற்காலியில் உட்காரவைக்காது என்று அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அரசுத் திட்டங்கள், ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், பத்திரிகை, குடிமைப் பணித் தேர்வு என்று வழிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேற்படிப்போ களப் பழக்கமோ கூடவே வேண்டும்.

கிளம்புவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் காலையில் பஸ் ஏறி கே.வி. குப்பம் பக்கம் இறங்கி, தார் முடியும் இடம் வரை நடங்கள். அதற்கப்பாலும் கொஞ்சம் நடங்கள். வயதான ஒருவர் கிடைத்தால், அவர் கிணறு முதலில் எத்தனை அடி, எந்த வருடம் இறக்கினார்கள், போர் எப்போது போட்டார்கள், இப்போது எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்டு, தேதி போட்டு எழுதுங்கள். பக்கத்தில் அவர் மனைவி இருந்தால் அவரிடமும் தனியாகக் கேளுங்கள். தண்ணீர் சுமந்த தூரத்தை அவர்தான் சொல்வார். காலனியிலும் அதே கேள்வியைக் கேளுங்கள்; அங்கே கிணறே இருந்திராது, யார் கிணற்றில் எடுத்தார்கள், எடுக்க விட்டார்களா என்று கேட்க வேண்டியிருக்கும். பெட்டி கட்டும்போது அந்த நோட்டைச் சட்டைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.